வெடிக்காத கடுகு

மேற்கொண்டு படிப்பதற்கு முன் அஞ்சறைப் பெட்டியைத் திறந்து, அரைத் தேக்கரண்டி கடுகை எடுத்து வாயில் போட்டுக்கொள்ளுங்கள். விழுங்காமல் பொறுமையாக மெல்லுங்கள். முதலில் ஒன்றும் தெரியாது. லேசான கசப்பு, வறுத்த எள்ளை நினைவூட்டும் ஒரு ருசி, அவ்வளவுதான். எச்சில் ஊறி மாவாகக் குழைந்த பிறகு நாக்கின் அடியில் சுருக்கென்று ஒன்று கிளம்பும். அது நாக்கில் நிற்காமல் நேராக மூக்குக்கு ஏறும். அடுத்து, காலையில் செய்த சட்டினியிலிருந்து தாளித்த கடுகு நாலைந்தைப் பொறுக்கி மென்று பாருங்கள். மணம் இருக்கும், மொறுமொறுப்பு இருக்கும், காரம் இருக்காது.

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்று எத்தனையோ முறை சொல்லியிருப்போம். ஆனால் எண்ணெயில் வெடிக்கவைத்த கடுகை மட்டுமே தின்று வளர்ந்தவருக்கு அது என்ன காரம் என்று தெரிய வாய்ப்பில்லை. அந்தப் பழமொழியைச் சொன்னவர் கடுகை அம்மியில் வைத்து அரைத்தவராகத்தான் இருக்க வேண்டும்.

எனக்கு இது தெரிந்தது கொல்கத்தாவில். நான் குடியிருந்த வீட்டின் கீழ்த்தளத்தில் இருந்த மாஷிமா ஒரு நாள் மாலை சுடச்சுட வறுத்த மீனும் பக்கத்தில் மஞ்சளாக ஒரு விழுதும் கொடுத்தார். மாஷிமா என்றால் அம்மாவின் சகோதரி. உறவு இல்லாத மூத்த பெண்களையும் அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். மாங்காய்ப் பச்சடி என்று நினைத்து ஒரு கரண்டி விழுதை அப்படியே வாயில் போட்டுக்கொண்டேன். உச்சந்தலை வரை ஒரு ஆணி இறங்கியது. கண்ணிலும் மூக்கிலும் நீர். தண்ணீருக்குக் கை நீட்டினேன். அவர் தண்ணீர் தரவில்லை. மூக்கால் இழு, வாயால் விடு என்று செய்து காட்டினார். அரை நிமிடத்தில் எல்லாம் வடிந்துவிட்டது. நாக்கில் எரிச்சல் மிச்சமில்லை. இரண்டாவது கரண்டியை நானாகவே எடுத்தேன், இந்த முறை மீனோடு.

அந்த விழுதின் பெயர் கசுந்தி. அதற்குப் பின்னால் வருவோம். முதலில் காரத்தை வரவழைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

விதைக்குள் என்ன நடக்கிறது

இந்தப் பகுதியைத் தாண்டிச் செல்லலாம் என்று தோன்றும். தாண்ட வேண்டாம். கடுகு விஷயத்தில் செய்முறைகள் எல்லாம் இதிலிருந்துதான் வருகின்றன.

கடுகு விதைக்குள் சினிக்ரின் என்ற பொருள் ஓர் அறையிலும், மைரோசினேஸ் என்ற நொதி இன்னோர் அறையிலும் இருக்கின்றன. தனித்தனியே இரண்டும் சாதுக்கள். ஒரு பிடி கடுகை அள்ளி மூக்கருகே கொண்டுபோனாலும் நெடி வராதது இதனால்தான். விதை நசுங்கி, ஈரமும் பட்டால் சுவர் இடிந்து இரண்டும் சந்திக்கின்றன. அப்போது பிறப்பதுதான் அல்லைல் ஐசோதயோசயனேட் என்ற, பெயரே தொண்டையில் மாட்டிக்கொள்ளும் காரப்பொருள். தன்னைக் கடிக்கும் பூச்சிக்காகச் செடி ஏற்பாடு செய்து வைத்திருக்கும் ஆயுதம் அது. பூச்சிக்குப் பதில் நாம் கடிக்கிறோம். ஜப்பானியரின் வசாபியில் மூக்கைத் துளைப்பதும் இதே பொருள்தான். பல உணவகங்களில் வசாபி என்று தட்டில் வைக்கும் பச்சை விழுதில் கடுகும் அதன் உறவான குதிரைமுள்ளங்கியும்தான் பச்சை நிறம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருக்கின்றன.

மிளகாயின் காரம் ஆவியாகாது. எண்ணெயில் கரைந்து நாக்கில் ஒட்டிக்கொண்டு நின்று எரியும். எவ்வளவு கொதித்தாலும் குழம்பை விட்டுப் போகாது. கடுகின் காரம் அப்படியல்ல. அது ஆவி. வந்த வேகத்தில் மூக்குக்கு ஏறி, வந்த வேகத்தில் போய்விடும். அடுப்பில் வைத்தால் குழம்பிலிருந்து கிளம்பி அடுக்களைக் காற்றோடு கலந்துவிடும். இன்னொன்று, காரத்தை உண்டாக்கும் அந்த நொதி 60 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டைத் தாங்காது. காய்ந்த எண்ணெயில் கடுகைப் போடும்போது நொதி செத்துவிடுகிறது, காரம் பிறக்கவே வழியில்லை. தாளிப்பு தவறு என்று நான் சொல்லவில்லை. அது வேறு ஒரு சுவைக்கான வழி. கடுகுக்கு இரண்டு பிறவி உண்டு, நாம் ஒன்றோடு நிறுத்திக்கொண்டோம்.

எந்தக் கடுகு வாங்குவது

தமிழ்நாட்டு மளிகைக் கடையில் கிடைக்கும் சாதாரணக் கருமையான கடுகே போதும். பெரும்பாலும் அது பழுப்புக் கடுகு வகை, காரம் மிகுந்தது. பெரிய கடுகு, சின்னக் கடுகு என்று கடைக்காரர் கேட்டால் எதை வேண்டுமானாலும் வாங்கலாம். பளபளப்பாகவும் ஒரே அளவாகவும் இருந்தால் நல்லது. கடுகு நம் பக்கம் பெரிதாக விளைவதில்லை. ராஜஸ்தானில்தான் நாட்டிலேயே அதிகமாக விளைகிறது. ஐப்பசி வாக்கில் விதைத்து மாசி, பங்குனியில் அறுக்கும் பயிர் என்பதால் கோடைத் தொடக்கத்தில் புதுக் கடுகு சந்தைக்கு வரும். பழையதில் காரம் இருக்காது என்றில்லை, மட்டுப்பட்டிருக்கும்.

மஞ்சள் கடுகு வட இந்தியப் பொருட்கள் விற்கும் கடைகளில் கிடைக்கும். காரம் கொஞ்சம் குறைவு, கசப்பும் குறைவு. வங்காளிகள் கருப்பையும் மஞ்சளையும் சம அளவில் கலந்து அரைப்பார்கள், நானும் அப்படித்தான். மேற்கத்தியக் கடுகு விழுதுப் பாட்டில்களில் பயன்படும் வெண்கடுகு இன்னொரு செடி. அதன் காரப்பொருள் அவ்வளவாக ஆவியாகாது, ஆகவே மூக்குக்கு ஏறாமல் நாக்கோடு நின்றுவிடும். சங்கப் பாடல்களில் ஐயவி என்று வருவது வெண்கடுகைத்தான். இன்றும் நாட்டு மருந்துக் கடையில் வெண்கடுகு தூபம் போட விற்கிறது. அதை வாங்கி அரைக்காதீர்கள். புகைக்க வைத்திருப்பதை யாரும் தின்பதற்காகச் சுத்தம் செய்வதில்லை.

சில்லறையாக வாங்கினால் ஒரு தட்டில் பரப்பிப் பாருங்கள். நம் சாலையோரங்களில் மஞ்சள் பூவோடு முள்ளாக நிற்கும் பிரம்மதண்டுச் செடியின் விதை கடுகைப் போலவே கருப்பாக இருக்கும், ஆனால் நஞ்சு. கடுகு வழவழப்பானது, நசுக்கினால் உள்ளே மஞ்சள். பிரம்மதண்டு விதை சொரசொரப்பானது, உள்ளே வெள்ளை. 1998இல் டெல்லியில் பிரம்மதண்டு எண்ணெய் கலந்த கடுகெண்ணெயால் நீர்க்கோவை நோய் பரவிப் பலர் உயிரிழந்தார்கள். பொறுக்கிப் பார்க்க இரண்டு நிமிடம்தான் ஆகும்.

அரைப்பது, நனைப்பது, காத்திருப்பது

50 கிராம் கடுகை ஒரு மூடிபோட்ட டப்பாவில் போட்டு அரை மணி நேரம் ஃப்ரீசரில் வையுங்கள். மிக்ஸி ஓடும்போது சூடாகும், அந்தச் சூட்டிலிருந்து தப்பிக்கத்தான் இந்த ஏற்பாடு. பிறகு சின்ன ஜாரில் போட்டு, பத்துப் பத்து விநாடியாக விட்டு விட்டு ஓட்டுங்கள். ஒரேயடியாக ஓட்டினால் எண்ணெய் விட்டுக் கட்டியாகிவிடும். மாவு சல்லடையில் சலித்தால் தோல் மேலே நிற்கும். தோலில் கசப்பு அதிகம், புதிதாகத் தொடங்குபவர்கள் சலித்துக்கொள்வது நல்லது. நின்ற தோலை ஊறுகாயில் சேர்த்துவிடலாம்.

அடுத்தது தண்ணீர். குளிர்ந்த தண்ணீர். இதை மட்டும் மாற்றாதீர்கள். பொடியை ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு, 60 மில்லி குளிர்ந்த நீரை ஊற்றிக் கட்டி இல்லாமல் குழையுங்கள். உலர்ந்து இறுகினால் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டு, தோசை மாவைவிடக் கெட்டியான பதத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒரு தட்டால் மூடி வையுங்கள்.

இனி கடிகாரம். குழைத்த உடனே ஒரு பல்குத்தி நுனியால் தொட்டு நாக்கில் வைத்தால் வெறும் கசப்பு. இதோடு ஏமாந்து பலர் விழுதைக் கொட்டிவிடுவார்கள். 5 நிமிடத்தில் லேசாகக் கடிக்கும். 10 நிமிடத்தில் நன்றாகக் கடிக்கும். 15 நிமிடத்தில் உச்சம். இந்தக் கணக்கைக் கையால் பழக வேண்டும் என்பதால் முதல் முறை ஒவ்வொரு கட்டத்திலும் தொட்டுப் பாருங்கள். தட்டைத் திறந்து முகத்தைக் கிண்ணத்தின் மேல் வைத்து முகராதீர்கள். நான் முகர்ந்தேன். பத்து நிமிடம் கண்ணைத் திறக்க முடியவில்லை.

நம்பிக்கை வராதவர்கள் ஒரே பொடியை இரண்டு கிண்ணத்தில் பிரித்து, ஒன்றில் குளிர்ந்த நீரும் மற்றொன்றில் கொதிநீரும் ஊற்றிப் பாருங்கள். கொதிநீர்க் கிண்ணம் கசந்துகொண்டு அப்படியே கிடக்கும். எத்தனை மணி நேரம் வைத்தாலும் காரம் வராது.

இங்கிலாந்துக்காரர்கள் 200 ஆண்டுகளாகச் செய்வதும் இதே வேலைதான். நாரிச் நகரத்தோடு சேர்த்துப் பேசப்படும் கோல்மன்ஸ் கடுகுப் பொடி 1814இல் ஜெரமையா கோல்மன் தொடங்கிய நிறுவனத்தினுடையது. மஞ்சள் தகர டப்பாவில் வரும் அந்தப் பொடியையும் குளிர்ந்த நீரில் குழைத்து 10 நிமிடம் வைத்துத்தான் மேசைக்குக் கொண்டுவருவார்கள். அமெரிக்காவின் சீன உணவகங்களில் ரோலோடு தரும் கண்ணீர்க் கடுகும், ஜப்பானியர் வறுத்த பன்றி இறைச்சிக்குத் தொட்டுக்கொள்ளும் கராஷியும் இதே முறைதான். டப்பா வாங்கினால் அரைக்கும் வேலை மிச்சம். ஆனால் வீட்டில் அரைத்த கடுகின் முரட்டுத்தனம் டப்பாவில் இருக்காது.

காரத்தைக் கட்டிவைப்பது

தண்ணீரில் குழைத்த கடுகு ஒரு மணி நேரத்துக்குப் பிறகு இறங்கத் தொடங்கும். மறுநாள் காலையில் பார்த்தால் சோர்ந்துபோன ஒரு மஞ்சள் சாந்துதான் இருக்கும். ஆகவே உச்சத்தில் இருக்கும்போதே புளிப்பைச் சேர்த்துவிட வேண்டும். புளிப்பு நொதியின் வேலையையும் நிறுத்தும், பிறந்த காரம் கெடாமலும் காக்கும். மேலே சொன்ன அளவுக்கு ஒரு மேசைக்கரண்டி வினிகர், அரைத் தேக்கரண்டி உப்பு, ஒரு சிட்டிகை மஞ்சள்தூள், கசப்பைச் சமன் செய்யக் கால் தேக்கரண்டி வெல்லத்தூள். உடனே தின்று தீர்ப்பதானால் எலுமிச்சைச் சாறு போதும், வைத்துத் தின்ன வினிகர்தான்.

வினிகரைத் தொடக்கத்திலேயே ஊற்றினால் நொதி மந்தமாகிவிடும். மென்மையான கடுகு வேண்டுமானால் அப்படிச் செய்யலாம். காரம் வேண்டுமானால் முதலில் தண்ணீர், பிறகு காத்திருப்பு, பிறகு புளிப்பு. மஸ்டர்ட் என்ற சொல்லே நொதிக்காத திராட்சைச் சாற்றின் பெயரிலிருந்து பிறந்தது, அதில் கடுகைக் குழைத்ததால். புளிப்புக்கும் கடுகுக்கும் உள்ள உறவு அவ்வளவு பழையது. பிரான்சின் டிஜான் கடுகிலும் திராட்சைக் காயின் புளிப்புச் சாறுக்கு முக்கிய இடம் உண்டு. ஆனால் அந்தக் கடுகுக்கான விதை பெரும்பாலும் கனடாவிலிருந்து வருகிறது. 2021இல் கனடாவில் வறட்சி அடிக்க, 2022இல் பிரெஞ்சுக் கடைகளில் கடுகுப் பாட்டில் இல்லாமல் அலமாரிகள் காலியாகக் கிடந்தன.

சுத்தமான, ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் அடைத்து ஃப்ரிட்ஜில் வையுங்கள். அலுமினியம், பித்தளை வேண்டாம். செய்த அன்றைக்குக் கசப்பு தூக்கலாக இருக்கும், ஒரு நாள் பொறுத்தால் அடங்கிவிடும். ஒரு மாதம் வரை நன்றாகக் கடிக்கும். அதற்குப் பிறகு கெட்டுப்போகாவிட்டாலும் வீரியம் குறைந்துகொண்டே போகும். அதனால்தான் 50 கிராம் அளவு சொன்னேன், கிலோக்கணக்கில் அரைத்து வைப்பதில் பயனில்லை.

முதல் முறை சாப்பிடும்போது

பட்டாணி அளவு போதும், அதுவும் ஏதாவது கொழுப்புள்ள பொருளோடு. வறுத்த மீன், அவித்த முட்டை, வெண்ணெய் தடவிய ரொட்டி, வறுத்த உருளைக்கிழங்கு. கொழுப்பு காரத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடும். வெறுமனே நக்கினால் மொத்தமும் ஒரே நேரத்தில் மூக்குக்குப் போகும். வீட்டில் சமோசா இருந்தால் தக்காளிச் சாஸை ஓரமாக வைத்துவிட்டு இதைத் தொட்டுப் பாருங்கள். வெண்டைக்காய் பஜ்ஜிக்கும் பொருந்தும். இட்லிக்குப் பொருந்தாது. முயன்று பார்த்தேன், வேண்டாம்.

அளவு மிஞ்சி ஏறிவிட்டால் மாஷிமா சொன்னதுதான்: மூக்கால் இழுத்து வாயால் விடுங்கள். வாயில் கிளம்பிய ஆவி மூக்குப் பாதைக்குப் போகாமல் வெளியேறிவிடும். மிளகாய்க் காரத்துக்குச் செய்வதுபோல் தண்ணீரும் மோருமாகக் குடிக்கத் தேவையில்லை, குடித்து முடிப்பதற்குள் அதுவே போய்விடும்.

சிலருக்குக் கடுகு ஒவ்வாமை உண்டு. கனடாவிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் உணவுப் பொட்டலத்தில் கடுகு இருந்தால் அதைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. கடுகு சாப்பிட்டு உதடு தடித்தாலோ, உடம்பில் தடிப்பு வந்தாலோ, மூச்சு முட்டினாலோ அது காரம் அல்ல; நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். கைக்குழந்தைகளுக்குத் தர வேண்டாம். அரைத்த கையால் கண்ணைத் தொடாதீர்கள். விழுது தோலில் நெடுநேரம் பட்டால் கொப்புளம் வரும். கடுகுப் பற்றுப் போட்ட தாத்தா பாட்டிகளுக்குத் தெரிந்த விஷயம் இது.

சமையலில்: அடுப்பை அணைக்கும் நேரத்தில்

ஆவி பறந்துவிடும் என்பது நினைவிருந்தால் சமையலில் கடுகு விழுதை எப்போது சேர்ப்பது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடைசியில்.

ஆந்திர அடுக்களையில் இதற்கென்று தனி இலக்கணமே இருக்கிறது. தெலுங்கில் ஆவ என்றால் கடுகு. ஆவக்காய் என்பது ஏதோ ஒரு மாங்காய் இனத்தின் பெயர் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். கடுகு போட்ட காய் என்பதுதான் பொருள். பலாப் பிஞ்சு, வாழைக்காய், சேனை என்று எதையாவது வேகவைத்துத் தாளித்து, அடுப்பை அணைத்து, சூடு கொஞ்சம் தணிந்த பிறகு அரைத்த கடுகைச் சேர்த்துக் கிளறினால் அது ஆவ பெட்டின கூர. புளிசாதத்திலும் இப்படிச் சேர்ப்பார்கள். நீங்கள் வழக்கமாகச் செய்யும் வாழைக்காய்க் கறியில் ஒரு தேக்கரண்டி கடுகு விழுதை இதே முறையில் கலந்து பாருங்கள். புதிதாகத் தொடங்க இதைவிட எளிய வழி இல்லை.

கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் வெள்ளரிக்காய்க் கிச்சடிக்குத் தேங்காயும் பச்சை மிளகாயும் அரைத்து முடிக்கும்போது அரைத் தேக்கரண்டி பச்சைக் கடுகைப் போட்டு ஒரு சுற்று மட்டும் சுற்றி எடுப்பார்கள். கடுகு ஒன்றிரண்டாக உடைந்தால் போதும். தயிரில் கலந்து கொஞ்ச நேரம் வைத்தால் மெல்லிய நெடி ஏறும். விருந்து இலையில் அந்தக் கிச்சடியைச் சாப்பிட்டுவிட்டு இதில் என்னவோ இருக்கிறது என்று நினைத்திருந்தால், அது இதுதான். மாவடு ஜாடியைத் திறக்கும்போது வரும் நெடியிலும் பாதி கடுகுப் பொடி. இலங்கையில் புரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் மலாய் அச்சாறில் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் பேரீச்சம்பழமும் வினிகரில் அரைத்த கடுகில்தான் ஊறுகின்றன. ஆக, அரைத்த கடுகு நமக்கு அந்நியம் இல்லை. ஊறுகாய் ஜாடிக்குள்ளும் விருந்து இலையின் ஓரத்திலும் ஒதுங்கிக்கொண்டிருந்தது.

முழுச் சமையலாகக் கடுகை எடுத்தாள்பவர்கள் வங்காளிகள். கடுகுக் குழம்பில் உள்ளம் மீன் அவர்களுடைய உச்சம். அவர்கள் அதை இலிஷ் என்பார்கள். அந்த மீனுக்கு முள் அதிகம், விலையும் அதிகம். நான் முருங்கைக்காயில் தொடங்கச் சொல்வேன். வங்காளத்திலும் முருங்கைக்காயைக் கடுகு விழுதில் சமைப்பது வழக்கம்தான்.

கருங்கடுகும் மஞ்சள் கடுகும் தலா ஒரு மேசைக்கரண்டி எடுத்துக் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் ஊறவையுங்கள். வடித்துவிட்டு, இரண்டு பச்சை மிளகாய், கால் தேக்கரண்டி உப்பு, கொஞ்சம் தண்ணீர் விட்டு அரையுங்கள். உப்பும் பச்சை மிளகாயும் சேர்த்து அரைத்தால்தான் கசக்காது என்பது அங்குள்ள வீடுகளின் பாடம். சேர்க்காமல் ஒரு முறை அரைத்துப் பார்த்தேன், பிறகு கேள்வி கேட்பதை விட்டுவிட்டேன். ரொம்ப நேரமும் அரைக்காதீர்கள், அதிலும் கசக்கும். விழுதை மூடி வைத்துவிட்டு, வாணலியில் இரண்டு மேசைக்கரண்டி கடுகெண்ணெயைப் புகை வரும்வரை காயவைத்து, தீயைத் தணித்து, கால் தேக்கரண்டி கருஞ்சீரகம் போடுங்கள். நறுக்கிய மூன்று முருங்கைக்காயும் ஒரு உருளைக்கிழங்கும் சேர்த்து, மஞ்சள்தூளும் உப்பும் போட்டு இரண்டு நிமிடம் வதக்கி, மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி வேகவிடுங்கள். வெந்ததும் தீயைக் குறையுங்கள். கடுகு விழுதை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து, விரும்பினால் வடிகட்டி, ஊற்றுங்கள். இரண்டு நிமிடம், மூன்றுக்கு மேல் போகக் கூடாது. தளதளவென்று கொதிக்கவிட்டால் காரம் போய்க் கசப்பு மட்டும் நிற்கும். அணைத்துவிட்டு, கீறிய பச்சை மிளகாய் ஒன்றும் ஒரு தேக்கரண்டி பச்சைக் கடுகெண்ணெயும் மேலே விட்டு மூடுங்கள். ஐந்து நிமிடம் கழித்துத் திறந்து வெறும் சோற்றோடு சாப்பிடுங்கள். சாம்பார், ரசம் எதுவும் பக்கத்தில் வேண்டாம், இதன் குரல் மெலிந்துவிடும்.

மீன் வேண்டும் என்பவர்களுக்கு அதே விழுதோடு இரண்டு மேசைக்கரண்டி தேங்காய்த் துருவலும் கடுகெண்ணெயும் மஞ்சளும் உப்பும் சேர்த்து நான்கு வஞ்சிரத் துண்டுகளில் பூசி, மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில் வைத்து இட்லிப் பானையில் 15 நிமிடம் ஆவியில் வேகவைத்தால் போதும். டப்பா மூடியிருப்பதால் நெடி உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். விறாலும் நன்றாக வரும். மீன் சாப்பிடாதவர்கள் பன்னீரை இப்படிச் செய்யலாம்.

கசுந்தி

வங்காளத்தில் அட்சய திருதியை நாளில் புதுக் கடுகைக் கழுவிக் காயவைத்துக் கசுந்தி போடத் தொடங்குவது பழைய மரபு. அறுவடைக் கடுகு வந்து, மாங்காயும் காய்த்து, வெயிலும் கொளுத்தும் பருவம் அது. சடங்குகள் நிறைந்த அந்த முறையை நான் பின்பற்றுவதில்லை. நான் செய்யும் சுருக்கமான முறை இது.

கருங்கடுகு 50 கிராம், மஞ்சள் கடுகு 50 கிராம் எடுத்து அரை மணி நேரம் ஊறவைத்து வடியுங்கள். புளிப்பான ஒரு சின்ன மாங்காயைத் தோல் சீவி நறுக்கிக்கொள்ளுங்கள். கடுகை நான்கு பச்சை மிளகாய், ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு, கொஞ்சம் குளிர்ந்த நீர் சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்து, 10 நிமிடம் அப்படியே வைத்துவிட்டு, பிறகு மாங்காயையும் அரைத் தேக்கரண்டி மஞ்சள்தூளையும் சேர்த்து இன்னொரு சுற்று அரையுங்கள். ஏன் மாங்காயை முதலிலேயே போடவில்லை என்பது இப்போது உங்களுக்கே தெரியும். இரண்டு மேசைக்கரண்டி வினிகரும் நான்கு மேசைக்கரண்டி கடுகெண்ணெயும் கலந்து பாட்டிலில் அடைத்து, வாயில் வெள்ளைத் துணி கட்டி இரண்டு நாள் வெயிலில் வையுங்கள். பிறகு ஃப்ரிட்ஜ். மூன்றாம் நாள் கீரைப் பொரியலோடு சோற்றில் பிசைந்து சாப்பிடுங்கள். வங்காளிகள் சாப்பாட்டை அப்படித்தான் தொடங்குவார்கள். மீன் வறுவல், கட்லட் எதற்கும் தொட்டுக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் இதைத் தயிர்சாதத்துக்கு வைத்துக்கொள்கிறோம், மாஷிமா கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்.

கடுகெண்ணெய் வாங்கும்போது மட்டும் ஒரு எச்சரிக்கை. உடம்பில் தேய்க்க விற்கும் எண்ணெயை வாங்கிவிடாமல், உணவுப் பொருள் என்ற முத்திரை இருப்பதைப் பார்த்து வாங்குங்கள். அமெரிக்காவில் பெரும்பாலான கடுகெண்ணெய்ப் பாட்டில்களில் வெளிப்பூச்சுக்கு மட்டும் என்று எழுதியிருக்கும். அதில் இருக்கும் எரூசிக் அமிலம் என்ற கொழுப்பமிலத்தின் அளவு அந்நாட்டு உணவு விதிகளுக்கு ஒத்துவராததால் அப்படி. அங்கே வசிப்பவர்கள் கசுந்திக்கு நல்லெண்ணெய் ஊற்றிக்கொள்ளலாம், வேறு ருசிதான், ஆனால் கெட்ட ருசி இல்லை.

பாட்டில் தீரும்போது அடியிலும் ஓரத்திலும் ஒரு கரண்டியளவு ஒட்டிக்கொண்டிருக்கும், வழித்தாலும் வராது. அதிலேயே ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, மூன்று மேசைக்கரண்டி எண்ணெய், கொஞ்சம் உப்பு, கொஞ்சம் தேன் விட்டு மூடி நன்றாகக் குலுக்குங்கள். எண்ணெயும் சாறும் பிரிந்து நிற்காமல் பால்போலக் கலந்துவிடும், கடுகுத் தோலின் பிசின் செய்யும் வேலை அது. நறுக்கிய வெள்ளரிக்காயின் மேலும் தக்காளியின் மேலும் ஊற்றிவிட்டு, பாட்டிலைக் கழுவி அடுத்த 50 கிராமை ஃப்ரீசரில் போடுங்கள்.